வைக்கோல் அடைத்த சக்கரத்தில் மாப்பிள்ளை

786

காரைக்கால், 26-11-1954

சைகோனில் கடையும் கண்ணியமுமாக வாழ்ந்துவரும் என் மதிப்புக்குரிய மச்சான் கமாலுதீன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஆஸியா பீவியின் கணவன் மீரா சாகிப் ஆயிரம் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் வியாபாரத்துக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். மகன் ஹமீதின் நிக்காஹ் முடிந்தது. நீங்கள் என்னை நம்பி விட்டுவைத்த காரும் சுகம். அதாவது, மூன்று சக்கரமும் சுகம்.

நான்காவதைப் பற்றி எழுதுமுன் மச்சான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் அனுப்பியபோது, துணி போட்டு மூடி வையுங்கள், நான் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எட்டு மாதமாக நான் தொடவில்லை. வாரம் ஒருமுறை கடற்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பியது இன்ஜினின் ஆரோக்கியத்துக்காக, அதைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சொந்த மருமகன் மாப்பிள்ளையாக நாகூருக்குப் போகும்போது, தாய்மாமன் கார் கொட்டகையில் கிடக்க அவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் யாருக்குத் தலைகுனிவு? உங்கள் கௌரவத்துக்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன்.

அன்றைக்கு எங்களை ஆட்டிப்படைத்தது நேரம். பெண்ணின் வாப்பா முகம்மது இப்ராஹிம் அன்றைக்கே பினாங்குக் கப்பலில் போகிறார். நாகப்பட்டினம் துறையில் நாலு மணிக்குப் படகு. "எம் மகளை எங் கையாலதான் கொடுப்பேன். எனக்குப் பதிலா வேற ஆளை வக்கீலா நிறுத்திக் கொடுக்கிற பேச்சே கிடையாது. மாப்பிள்ளை வந்து சேரலைன்னா நான் திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் திரும்பி வர இரண்டு வருஷம். மூன்று வருஷம் பேசி முடித்த சம்பந்தம் இது. ஹமீது ஏற்கெனவே இளைத்துப்போயிருந்தான், எடை குறையவில்லை என்றாலும்.

உங்கள் தங்கையும் மற்றவர்களும் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். போகும்முன் அவள் இரண்டு கட்டளை போட்டாள். பூ சூட்டி உட்கார்ந்த மாப்பிள்ளை, பெண்ணின் தம்பி கைபிடித்து இறக்கும்வரை மண்ணில் கால் வைக்கக் கூடாது. அது நம் குடும்ப வழக்கம். டிக்கியில் சீர்த்தட்டுகள் வைத்து வெள்ளைத் துணி போர்த்திக் கயிறு கட்டியிருக்கிறாள், அதைப் பெண் வீட்டுப் பெண்கள்தான் அவிழ்க்க வேண்டும், ஆண்பிள்ளை கை படக் கூடாது. சரி என்றேன். நானும் என் பங்குக்கு முதல் நாளே ஒரு முன்ஜாக்கிரதை செய்திருந்தேன். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துக் கொட்டகையில் வைத்துவிட்டேன். வாஞ்சூர் எல்லைச் சுங்கச் சாவடியில், உபரியாக ஒரு டயர் எதற்கு, கடத்தலா என்று பிடித்து உட்காரவைத்தால் நாலு மணிப் படகு என்ன ஆவது? சாவடியை எடுத்து மூன்று வாரமாகிறது என்று ஊரே சொல்லியது. முப்பது வருஷம் மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் முத்திரை குத்தியவன் நான். பிரெஞ்சுக்காரன் போனாலும் எவனாவது ஒருவன் காகிதம் கேட்டு நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

ளுஹர் தொழுது ஒன்றரைக்குக் கிளம்பினோம். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் படார் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையைவிட்டுத் துள்ளியது, வண்டி வாய்க்கால் ஓரம் போய் நின்றது. பின் சக்கரத்தில் மாட்டு லாடத்து ஆணி. மணி இரண்டு அடித்து ஐந்து நிமிஷம். அந்த வழியில் வந்த லாரிக்காரனை மறித்தேன், அவன் டயருக்குள் நம் சக்கரம் முழுசாக உட்கார்ந்துவிடும். அப்போதுதான் வைக்கோல் வண்டியோடு இளையபெருமாள் என்பவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னி இருக்குமே, டிக்கியத் தொறந்து பாருங்க" என்றார். "அதுல சீர் இருக்குய்யா, கை வைக்காதே" என்றேன். "சீருக்குப் பின்னால இருக்கும்ங்க, சும்மா பாருங்களேன்" என்றார். "என் வீட்டு ஸ்டெப்னி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கொட்டகையில இருக்கு!" என்று கத்தினேன். அவர் பாவம், மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

வைக்கோலைத் திணித்து ஓட்டலாம் என்பது அவர் யோசனைதான். ஆனால் வண்டியைத் தூக்க வேண்டுமே. வலை உலர்த்திவிட்டு வந்த ஆறு பேரைக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளைய எறங்கச் சொல்லுங்க, பாரம் கொறையும்" என்றார்கள். ஹமீது பூச்சரத்துக்குள்ளிருந்து, "எறங்க மாட்டேன். உம்மா சொல்லிருக்காங்க" என்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவனோடு சேர்த்தே தூக்கினார்கள் மச்சான். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடியில் கல்லை அண்டக் கொடுத்து, இளையபெருமாள் இரண்டு இரும்புத் துண்டால் டயரை நெம்பி, கிழிந்த ட்யூபை உருவிப் போட்டுவிட்டு, வைக்கோலை முறுக்கி முறுக்கித் திணித்தார். அவர் ஒரு பக்கம் திணிக்க, அவருடைய மாடு மறுபக்கம் உருவித் தின்றது. அதைக் கவனிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

கிளம்பும்போது இரண்டே முக்கால். வண்டி நொண்டிக்கொண்டே போனது. வாஞ்சூர் வந்ததும் என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. குறுக்குக் கம்பம் இல்லை, ஆள் இல்லை. சாவடிக் கொட்டகையில் ஓர் ஆடு படுத்திருந்தது. நான் இறங்கி, "சார்! சார்!" என்று கூப்பிட்டேன். கேட்காமல் போய்ப் பின்னால் துரத்திக்கொண்டு வந்தால்? ஐந்து நிமிஷம் நின்றேன். "வாப்பா, ஆட்டுக்கிட்டயா கையெழுத்து வாங்கப் போறீங்க?" என்று ஹமீது கேட்டான். அழுகிற குரல். என் மகன் குரலை அப்படி நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஏறி மிதித்தேன்.

நாகூரில் பெண் வீட்டு வாசலுக்குப் போனபோது மூன்று இருபத்தைந்து. மாமனார் துறைக்குப் போய்விட்டார், நிக்காஹ் செய்துவைக்கிற ஆலிமும் பெண்ணின் தம்பியும் கூடவே போயிருக்கிறார்கள் என்றார்கள். வண்டியைத் திருப்பினேன். வழியில் வைக்கோல் புகைய ஆரம்பித்தது. ஹமீதுக்குக் கொடுத்தனுப்பிய பன்னீர்ச் செம்பைச் சாய்த்து அணைத்தோம். புகையும் பன்னீர் வாசனையுமாகத் துறையில் போய் நின்றபோது, முகம்மது இப்ராஹிம் ஒரு காலைப் படகில் வைத்திருந்தார். மறு கால் மணலில். கடியாரத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். காலைப் படகிலிருந்து எடுத்தார்.

பெண்ணிடம் சம்மதம் காலையிலேயே கேட்டு வந்திருந்தார்கள். பெண்ணின் தம்பி கைபிடித்து ஹமீதை மணலில் இறக்கினான். படகுக்காரர் துடுப்போடு நிற்க, மரப் பெட்டிமேல் உட்கார்ந்து நிக்காஹ். ஹமீதின் கையைப் பிடித்த மாமனார் விடவே இல்லை. "ஜொஹரா தாயில்லாப் புள்ள. நான் இங்க இருக்க மாட்டேன். பாத்துக்குங்க தம்பி" என்றார். அத்தனை கறாரான மனுஷர் அழுதார். நானும் அழுதேன் மச்சான், சொல்ல வெட்கமில்லை. அந்த இரண்டு வருஷத்தை உங்கள் கார்தான் மிச்சப்படுத்தியது.

ஆகவே, அந்த அளவில் ஒரு டயரும் ட்யூபும் அடுத்த கப்பலில் அனுப்பிவைக்கவும். கொட்டகையில் வைத்த ஸ்டெப்னியைக் காணவில்லை, எந்தக் களவாணி கொண்டுபோனான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கையிடம் டயர் வெடித்ததைச் சொல்லவில்லை, வழியில் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் காட்டிக்கொடுக்க வேண்டாம். மாமி, பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் சலாம். ரப்பு உங்களுக்கு நீண்ட ஆயுளையும், என்மேல் கோபப்படாத மனசையும் தரட்டும்.

இப்படிக்கு,
மீரா சாகிப்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை மடிக்குமுன் உங்கள் தங்கை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். களவாணி அவள்தான். "அண்ணன் சாமானை அனாதையாவா விட்டுட்டுப் போவாங்க?" என்று கேட்கிறாள். அன்று காலை அவளே ஸ்டெப்னியை டிக்கியில் படுக்கவைத்து, சாவடிக்காரன் கண்ணில் படாமலிருக்கத்தான் மேலே தட்டுகளை அடுக்கிக் கயிறு கட்டினாளாம். உடனே நாகூருக்கு ஆள் அனுப்பினேன். பெண் வீட்டிலிருக்கும் ஹமீது பதில் எழுதியிருக்கிறான்: துறையிலிருந்து வண்டி திரும்பியதும் பெண்கள் தட்டுகளோடு அதையும் இறக்கி, சைகோன் சீர் என்று சந்தனம் தெளித்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார்களாம். பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம். கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. ஆகவே மச்சான், டயரை அனுப்பத்தான் வேண்டும். ஒன்றல்ல, இரண்டு. ஹமீதின் தங்கைக்கும் வரன் பார்க்கிறோம், மாப்பிள்ளை வீட்டார் இப்போதே அந்தக் கறுப்பு வளையம் உண்டா என்று கேட்கிறார்கள்.