ஐம்பத்திரண்டு பல்லுக்காரர்

பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று நம்மவர் முடிவெடுத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் உறுதியானது. எவ்வளவு உறுதி என்றால், மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அதைச் சத்தம் போட்டே சொன்னார்.

நம்மவருக்கு மலைச் சைக்கிள் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வடிவமைப்பு வேலை. மனைவி பல் டாக்டர். தெருவே டாக்டரம்மா என்று கூப்பிடும். அந்தப் பழக்கத்தில் நம்மவரும் சில சமயம் அப்படியே கூப்பிட்டுவிடுவார். ஆக, இரண்டு பேருக்கும் பல்தான் பிழைப்பு. இவருக்குச் சக்கரப் பல், அந்தம்மாவுக்கு மனிதப் பல். டாக்டரம்மாவுக்கு முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறப்பார்கள். நம்மவர் மட்டும் திறந்ததில்லை.

சிக்கல் இதுதான். டாக்டரம்மாவின் கிளினிக் இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வேறு இடம் கிடைக்கும் வரைக்கும் பல் நாற்காலியும் விளக்கும் வீட்டுப் பின்னறைக்கு வரவேண்டும். "கிடைக்கும் வரைக்கும்" என்றால் என்ன என்று நம்மவருக்கு நன்றாகத் தெரியும். அப்படி வந்த மாமனார் வீட்டு அலமாரி ஒன்று இன்னும் கூடத்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் அவர் தினமும் குளிக்கப் போகிறார்.

அதுவும் எந்த நேரத்தில்! பின்னறையில்தான் அவருடைய புதுக் கண்டுபிடிப்பு நின்றுகொண்டிருந்தது. சைக்கிளில் மலை ஏறும்போது சீட்டு உயரமாக இருக்கவேண்டும், இறங்கும்போது தாழ்வாக. இத்தனை நாளாக அதற்கு ஒரு ஒயர், ஒரு நெம்புகோல், மேலே ஆளுடைய பாரம் எல்லாம் தேவைப்பட்டது. நம்மவர் மூன்றையும் ஒழித்துவிட்டு, ஒரு சின்ன பேட்டரியை வைத்துவிட்டார். பட்டனைத் தட்டினால் போதும், சீட்டு 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு யாருமில்லாமலேயே இறங்கும். மறுபடி தட்டினால் ஏறும்.

இதை முதன்முதலில் மனைவிக்குக் காட்டிய அன்று நடந்த பேச்சு அவர் மனதில் இன்னும் ஆறவில்லை.

"என்னங்க இது?"

"புதுமை."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"அது பல்சக்கரம். அம்பது பல்லு இருந்ததை அம்பத்திரெண்டு ஆக்கினோம். புரட்சின்னு போஸ்டரே ஒட்டினாங்க."

"ரெண்டு பல்லுக்குப் புரட்சியா? நான் வாய் முழுக்கப் பல்லு கட்டி அனுப்பறேன். எனக்கு யார் போஸ்டர் ஒட்டறா? சரி, அதுக்கு முந்தி என்ன பண்ணீங்க?"

"அச்சை ஒரு நூல் அகலமாக்கினோம்."

"அதனால?"

"பழைய சக்கரம் அதுல சேராது."

"சேராம போறதுதான் புதுமைன்னா, நம்ம கல்யாணம்கூடப் புதுமைதான்."

"இந்த சீட்டு அப்படியில்ல. ஒயரே கிடையாது, பாத்தியா?"

"சலூன் நாற்காலி ஏறி இறங்குது. என் நாற்காலியும் ஏறி இறங்குது. நீங்க ஒயரைக் கழட்டியிருக்கீங்க. மரை கழண்டவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், ஒயர் கழண்டவரை இப்பத்தான் பாக்கறேன்."

அன்றைக்குத்தான் அவர் மனதில் அந்தத் திட்டம் முளைத்தது. பின்னறையில் ஏதோ இருக்கிறது என்று மனைவி நம்பிவிட்டால் போதும். பல் நாற்காலி வராது. கண்டுபிடிப்பையும் யாரும் கேலி செய்யமாட்டார்கள், பக்கத்தில் வந்தால்தானே!

பின்னறையும் அதற்கு ஏற்ற அறைதான். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டின் பாசி படிந்த சுவர். பட்டப்பகலில்கூட அங்கே சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். உள்ளே எண்ணெய் வாடை, ரப்பர் வாடை, அதற்கும் அடியில் ஈரமாக இன்னொரு வாடை. அது என்னவென்று நம்மவருக்கும் தெரியாது. பின்சக்கரம் தூக்கி நிறுத்திய சைக்கிளில் காற்று பட்டாலே சக்கரம் தானாகச் சுற்றும். டிக்... டிக்... டிக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றுபோகும்போதுதான் கொஞ்சம் திக்கென்று இருக்கும்.

நல்ல மழை பிடித்த ஒரு மத்தியானம் டாக்டரம்மா அளவெடுக்கும் டேப்போடு பின்னறைக்குள் போனார். நம்மவர் கூடத்தில் அலமாரிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். சட்டைப் பையில் சீட்டின் பட்டன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டில் மனைவியின் வெள்ளைக் கோட்டு மட்டும் தெரிந்தது. டேப் இழுபடும் சத்தம் கேட்டது.

நம்மவர் பட்டனைத் தட்டினார்.

உஸ்ஸ்...

டேப் சத்தம் நின்றது. சக்கரச் சத்தமும் நின்றது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. இப்போது அலறுவாள், இதோ இப்போது அலறுவாள் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்க," என்றது டாக்டரம்மாவின் குரல், உள்ளே இருந்து. ரொம்பச் சாதாரணமாக. "நல்லா சாஞ்சு உக்காருங்க."

நம்மவருக்குப் புரியவில்லை.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

உள்ளே அமைதி. ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு அமைதி.

"ஓ. எத்தனை நாளா?"

மறுபடியும் அமைதி. இந்தத் தடவை நீளமாக இருந்தது.

"பரவாயில்ல, பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. ஆ காட்டுங்க... இன்னும்... இன்னும்..." குரல் சட்டென்று தாழ்ந்தது. "போதும். இவ்வளவு திறக்க வேண்டாம்."

நம்மவரின் கையில் இருந்த மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. டாக்டரம்மா வெளியே வந்தார். நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். நோயாளியின் வாயில் கை வைத்துவிட்டு வந்தால் எப்படிக் கழுவுவாரோ அதே மாதிரி.

"யா... யாரோட பேசிட்டிருந்த?"

"உள்ள ஒருத்தர் உக்காந்திருக்காரே. உங்க சீட்டுலதான்."

"யாரு?"

"பேரைச் சொல்லல. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, ஆனா தரையில ஒரு சொட்டு ஈரமில்ல." துண்டில் கையைத் துடைத்தார். "அது போகட்டும். பல்லை எண்ணிப் பாத்தேங்க. மனுஷனுக்கு முப்பத்திரெண்டுக்கு மேல வராதே. இவருக்கு அம்பத்திரெண்டு இருக்கு."

நம்மவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவையாக அந்த அலமாரி எதற்காவது உதவியது.

"அதுல ரெண்டு புதுசாம். ரொம்பப் பெருமையா காட்டறார்."

அந்த நேரத்தில் புத்தியுள்ள மனிதன் யாராக இருந்தாலும், மனைவி நம்மை வைத்து விளையாடுகிறாள் என்று கண்டுபிடித்திருப்பான். நம்மவரின் புத்திக்கும் அது எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த வார்த்தையில் எல்லாம் கெட்டுப்போனது.

"உங்க சீட்டைப் பத்திக்கூட ஒரு வார்த்தை சொன்னார்."

"என்ன சொன்னார்?" பேயாவது பிசாசாவது, கருத்து என்று ஒன்று சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா!

"இதுல புதுசா ஒண்ணுமில்லையாம்."

"என்னது?"

"நான் விட்டுக்கொடுக்கலங்க. என் வீட்டுக்காரர் ராப்பகலா உழைச்சுப் பண்ணினது, தானா இறங்கும்னு சொன்னேன். அதுக்கு அவர் சிரிக்கறார். அது எங்க தானா இறங்குது, நான் உக்காந்தேன், அதனால இறங்குச்சுங்கறார். இதுல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பங்கும் இல்லைங்கறார்."

நம்மவருக்குப் பயம் போய் ரோஷம் வந்துவிட்டது. தன் கண்டுபிடிப்பின் பெருமை ஊர் பேர் தெரியாத பேய்க்குப் போவதா?

"அவன் யாரு சொல்றதுக்கு? நான்தான்டி இறக்கினேன்! இதோ பாரு பட்டன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது. டாக்டரம்மா அந்தப் பட்டனைப் பார்த்தார். நம்மவரைப் பார்த்தார்.

"அப்ப உள்ள பேய் இல்ல."

"இல்ல."

"என்னைப் பயமுறுத்தத்தான் இத்தனையும்."

நம்மவர் துணிந்துவிட்டார். மானம் போனாலும் அறை போகக்கூடாது.

"ஆமா. பேய் இல்லைன்னு ஆயிடுச்சுல்ல? அப்ப ரூமும் என்னோடதுதான். நான் தரமாட்டேன்."

சண்டை வரும் என்றுதான் நினைத்தார். வரவில்லை. டாக்டரம்மா கதவருகில் போய் நின்று சீட்டை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் இதுவரை கண்டிராத ஒன்று தெரிந்தது. அது வியப்பா? வியப்பேதான்!

"பட்டனைத் தட்டினா நிஜமாவே ஆள் இல்லாமலா இறங்குச்சு? எங்க, இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார்.

"ஏறவும் செய்யுமா?"

ஏற்றினார்.

"அடேயப்பா. நான் சரியா பாக்கல. திரும்ப..."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'அடேயப்பா' வந்ததில்லை. நம்மவர் உச்சி குளிர்ந்து போனார். ஏற்றினார், இறக்கினார். பாதியில் நிறுத்தினார். கூடத்தில் நின்று தட்டினார், சமையலறைக்குப் போய் அங்கிருந்து தட்டினார். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டினார். கட்டைவிரல் வலிக்கும் வரைக்கும் நம்மவர் காட்டினார். கடைசியாகச் சீட்டை உச்சியில் நிறுத்தி, பட்டனைக் கூடத்து மேஜை மேல் வைத்தார்.

"உக்காருங்க, டீ போடறேன்," என்றார் டாக்டரம்மா.

இருவரும் மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். வெளியே மழை வலுத்து, வீட்டுக்குள் இருட்டு ஏறியிருந்தது. பட்டன் நடுவில் கிடந்தது. டாக்டரம்மாவின் இரண்டு கையும் டம்ளரில் இருந்தன. நம்மவரின் இரண்டு கையும் டம்ளரில்தான் இருந்தன.

உஸ்ஸ்...

நம்மவர் டம்ளரை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

பெருமூச்சு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முன்னே பட்டன் தட்டியபோது வந்த சுறுசுறுப்பு இதில் இல்லை. ரொம்பத் தூரம் நடந்து களைத்த ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உட்காருவது மாதிரி இருந்தது. பாதி திறந்த கதவு வழியாக அவருக்குச் சீட்டு தெரிந்தது. அது இறங்கிக்கொண்டே போனது. அடிமட்டம் வரைக்கும் போய், ஒரு முறை லேசாக அசைந்து, நின்றது. பின்சக்கரம் டிக் என்றது. சற்றுப் பொறுத்து, இன்னொரு டிக்.

"நீ... நீயா?"

"என் கை இங்க இருக்கு. நீங்களா?"

"நான் தட்டல."

டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பின்னறைப் பக்கம் திரும்பி, சற்றே குரல் உயர்த்தி, "வந்துட்டீங்களா? அவசரப்படாதீங்க, வரேன்," என்றார்.

அதற்குமேல் நம்மவரால் முடியவில்லை. பல்லை நறநறவென்று கடித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, அழுதேவிட்டார்.

"ரூமை நீயே வெச்சுக்கோ. நாற்காலி, விளக்கு, எது வேணும்னாலும் கொண்டு வா. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். அந்த சைக்கிளை மட்டும் யாரையாவது விட்டு வெளிய எடுத்துடு."

"நிஜமாத்தான் சொல்றீங்களா? அப்புறம் மனசு மாறக்கூடாது."

"மாறாது! மாறவே மாறாது!"

பல் நாற்காலி வந்து இறங்கியது. விளக்கு வந்தது. சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய், மேலே ஒரு போர்வையும் போர்த்தப்பட்டது. பின்னறையில் நோயாளிகள் வந்து உட்கார்ந்தார்கள், வாயைத் திறந்தார்கள், போனார்கள். யாருக்கும் முப்பத்திரண்டுக்கு மேல் இல்லை. நம்மவர் மட்டும் சொன்ன சொல் தவறாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தார்.

ஆனால் அன்று பயத்தில் பல்லைக் கடித்த கடியில் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. வலி தாங்கும் வரை தாங்கினார். கடைசியில் ஒரு காலையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்தபடி அந்த அறைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"இங்க தனியா நின்னு வேலை பாக்கறியே, உனக்குக் கொஞ்சம்கூடப் பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"ஆ காட்டுங்க," என்றார் டாக்டரம்மா. காட்டினார். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்:

"எதுக்குங்க பயம்? அத்தனை தடவை ஏத்தி இறக்கினா பேட்டரி தீராதா? தீர்ந்தா பிடி விட்டு சீட்டு இறங்காதா? கரண்ட் போனா என் பழைய நாற்காலியும் இப்படித்தான் உஸ்ஸுன்னு உக்காரும். அதுல நீங்க புதுசா ஏதாவது பண்ணியிருந்தா, நானும் பயந்திருப்பேன்."