கைரா மலையில் இருநூற்றொரு குதிரைகள்

கைரா
அக்டோபர் 19, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய மெர்வின் மாமாவுக்கு,

பிரைடி எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், யூட் மிகவும் சுகம். அங்கே உங்கள் முழங்காலிலும் படகிலும் நீர் கோக்காமல் இருக்கிறது என்று நம்புகிறேன். யாம்பாக் கடலில் மீன் கிடைக்கிறதா? இங்கே உருளைக்கிழங்கு கிடைக்கிறது. மரியாதைக்குக் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிட்டேன்.

அம்மாவின் யூட் வண்டி இருநூற்றொரு குதிரைத்திறன் காட்டியது.

இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் நன்றாக இருக்கிறது.

போன கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டுப் பின்புறத்தில் இறால் உரித்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "நோலீன், அந்த உருளைக்கிழங்கு வண்டிய வச்சு நீ இருநூறு எடு. உங்க கிளப் பலகைல உன் பேரு ஏறட்டும். நானே மலையேறி வந்து ஊரே பாக்க அதக் கழுவி விடறேன். கையால. டயர் இடுக்குச் சேறு வரைக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு ஏற்கெனவே தலை பிடுங்கிய இறாலில் மறுபடி தலையைத் தேடினார். நான் பார்த்தேன்.

இந்தக் கடிதம் அந்த வாக்கைப் பற்றியது.

அம்மா முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஓய்வு பெற்ற மறுநாள் யூட்டின் எஞ்சினைக் கழற்றினார். எட்டு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் எட்டு பிஸ்டன்கள் இருந்தன. நாங்கள் நின்றுகொண்டு சாப்பிட்டோம். உங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. சிறு வயதில் உங்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே எல்லாம் தெரிந்துகொண்டதாகச் சொல்வார். அதைக் குறையாகச் சொல்வதில்லை.

இம்மாதம் நான்காம் தேதி எங்கள் வண்டி கிளப் மைதானத்துக்கு டைனோ வந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்னால் வரும் குழப்பத்துக்காகச் சொல்லி வைக்கிறேன். இரண்டு இரும்பு உருளைகள். பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, வண்டியைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்த வேண்டும். வண்டி எங்கும் போகாமல் முழு வேகத்தில் ஓடும். திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று திருத்தாதது: இன்று, இந்த இடத்துக் காற்றில் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த பலம். மற்றது திருத்தியது: இதே எஞ்சின் கடல் மட்டத்தில், அளவான வெப்பத்தில் இருந்தால் எவ்வளவு காட்டும் என்ற கணக்கு. முதலாவது நடந்தது. இரண்டாவது நடந்திருக்கக்கூடியது. நான்கு வருஷம் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். அங்கே யாரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

எங்கள் பலகையில் திருத்தாத எண் மட்டுமே ஏறும். திருத்தாமலே இருநூறு வர வேண்டும். ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில். முப்பது வருஷத்தில் மூன்றே பெயர்கள். இப்படி ஒரு விதியை யார் போட்டது என்று செயலாளர் க்ளாரியிடம் கேட்டேன். பழைய கூட்டக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். கடற்கரையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், "ஏம்ப்பா, கால்குலேட்டர்லயா குதிர வளக்கறீங்க?" என்று கேட்டு, கூட்டமே தலைகுனிந்து, அன்றே போட்ட விதி. விருந்தாளியின் கையெழுத்தும் இருக்கிறது. அந்தக் கையெழுத்தில்தான் எனக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் அட்டை வருகிறது.

சரி, அன்றைக்கு நடந்தது. அம்மா யூட்டை உருளைமேல் ஏற்றினார், டைனோக்காரர் பட்டைகளைக் கட்டினார், காற்று பலமாக அடித்ததால் க்ளாரி சாசேஜ் சுடும் அடுப்பை டைனோவுக்குப் பின்னால் மறைவாகத் தள்ளி வைத்தார், வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது, அம்மா மூன்றாவது கியரில் அழுத்தினார், மைதானம் அதிர்ந்தது, ஒரு நாய் ஓடியே போய்விட்டது, திரையில் திருத்தாதது 171, திருத்தியது 204 என்று வந்தது, டைனோக்காரர் "அக்கா! இருநூத்தி நாலு!" என்று கத்தினார், நான் அழுதுவிட்டேன், பக்கத்தில் நின்ற உருளைக்கிழங்கு விவசாயி டேரல் என்னைத் தட்டிக்கொடுத்தார், அப்போது க்ளாரி கையில் இடுக்கியோடு நிமிர்ந்து பார்த்து, "தம்பி, இந்தக் கம்பி எங்க போகுது?" என்றார்.

"அதுவா? காத்தோட சூடு பாக்கற கம்பி."

"அது ஏன் என் வெங்காயத்துக்கு மேல தொங்குது?"

ஊரே ஸ்வெட்டர் போட்டிருந்த நாள். பதினான்கு டிகிரி. இயந்திரம் மட்டும் முப்பத்து நான்கு என்று நம்பிக்கொண்டிருந்தது. சூடான காற்று மெலிந்த காற்று. இந்த வெக்கையில் எஞ்சின் எவ்வளவு திணறியதோ என்று இரக்கப்பட்டு, கூடுதலாக எட்டுக் குதிரைகளை அள்ளிக் கொடுத்திருந்தது.

டேரல் கேட்டார்: "அப்ப இந்த எண்ணு சாசேஜோட சேத்தா, தனியா?"

அம்மா கண்ணாடியை இறக்கினார். "க்ளாரி, அடுப்ப அந்தாண்ட தள்ளு. தம்பி, கம்பிய நேரா மாட்டு. மறுபடி ஓட்டறேன்."

"அம்மா, இருநூத்தி நாலு வந்துருச்சில்ல, போதும்மா. எறங்கிடு."

"வெங்காயத்துல வந்த குதிர எனக்கு வேணாண்டி."

மாமா, இந்த வரியை நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும்.

மறுபடி ஓட்டினார். முதல் ஓட்டத்தில் எஞ்சினும் அந்த அடுப்பின் புகையைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறது. இப்போது சுத்தமான குளிர்காற்று. திருத்தாதது 175. திருத்தியது 201. இது வெங்காயம் சேராத இருநூற்றொன்று. கைதட்டினார்கள். க்ளாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏட்டில் 175 என்று எழுதினார்.

"விதி விதிதாம்மா, நோலீன். பலகைக்கு இது பத்தாது."

"சரி" என்றார் அம்மா. அவ்வளவுதான். பட்டைகளைத் தானே அவிழ்த்தார். வீடு வரை மூன்றாவது கியரிலேயே ஓட்டினார், மாற்ற மறந்துவிட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. புதன்கிழமை மாலை கிளப் கூட்டத்தில் எழுந்து பேசினேன். வாயு, அழுத்தம், விகிதம். யாருக்கும் ஏறவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். கடைசியில் மேசையிலிருந்த ஒரு பீர் கிளாஸைத் தூக்கிக் காட்டினேன். "யாம்பால ஒரு கிளாஸ் கேட்டா விளிம்பு வரைக்கும் ஊத்துறான். கைராவுல அதே கிளாஸ்ல ஏழுல ஒரு பங்கு வெறும் நுரை. எஞ்சின் குடிக்கிறது காத்து. நம்ம எஞ்சின் ஒவ்வொரு மடக்குலயும் ஏழுல ஒரு பங்கு நுரையத்தான் குடிக்குது. அந்த நுரைய ஈடுகட்டிச் சொல்றதுதான் திருத்தின எண்ணு. தானம் இல்ல."

முதல் முறையாக அறையே என் பக்கம் திரும்பியது. "முப்பது வருஷமா நம்மள ஏமாத்தியிருக்கானுங்க" என்று ஒருவர் எழுந்தே விட்டார். வாக்கெடுப்பு. இனித் திருத்திய எண்ணே செல்லும் என்பதற்கு ஆதரவாக இருபத்திரண்டு கைகள். எதிராக ஒரு கை.

அது அம்மாவுடையது.

ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. டேரல் வாயைத் திறந்ததும் புரிந்தது. "அப்ப எனக்கும் பெருக்குங்க." டேரலின் டீசல் வண்டியில் டர்போ இருக்கிறது. டர்போ காற்றை அதுவே அழுத்தி எஞ்சினுக்குள் திணித்துவிடும். மலையில் காற்று மெலிந்தால் கூடுதலாக அழுத்தித் திணிக்கும். அதாவது தன் கிளாஸை விளிம்பு வரை தானே நிரப்பிக் குடித்துவிட்டு, இப்போது நுரைக்கும் ஈடு கேட்கிறார். நான் எழுந்து இதைச் சொன்னேன். "சட்டம்னா எல்லாருக்குந்தான், கண்ணு" என்றார் க்ளாரி. டேரலின் 190 உடனே 218 ஆனது. அவருடைய இன்னொரு வண்டி 209. கால்நடை மருத்துவரின் வண்டி, பின்சீட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகளை உட்கார வைத்தே டைனோவில் ஓடியது, 203. டைனோ வந்த நாளின் தாளில் டர்போ வைத்திருந்த அத்தனை பேரும் ஏறினார்கள். மூன்று பெயர் இருந்த பலகையில் கூட்டம் முடியும்போது பத்தொன்பது பெயர்கள். கடைசிப் பெயரைப் பலகையின் மரச்சட்டத்தின்மேல் எழுத வேண்டியிருந்தது. அம்மாவின் பெயர் ஆட்டுக்குட்டிகளுக்கும் டேரலின் இரண்டாவது வண்டிக்கும் நடுவே, எறும்பு அளவு எழுத்தில்.

திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "என்ன ஏத்தறேன்னு சொல்லி ஊரையே ஏத்திட்டியேடி."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டர்பன்டைன் நனைத்த துணியோடு போய்த் தன் பெயரைத் துடைத்துவிட்டார். மற்றவர்கள் பெயரைத் தொடவில்லை. க்ளாரி தடுத்தும் கேட்கவில்லை.

இப்போது பலகையில் பதினெட்டுப் பெயர்களும் ஒரு வெற்றிடமும் இருக்கின்றன. உள்ளே வருகிறவர்கள் யாரும் பெயர்களைப் படிப்பதில்லை. "இங்க யாரு இருந்தது?" என்று கேட்கிறார்கள். க்ளாரி வெங்காயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் காற்றின் வேகம் கூடுகிறது. ஊரிலேயே அதிகம் சொல்லப்படுவது துடைக்கப்பட்ட பெயர்தான். நான் தினமும் ஏதாவது சாக்கில் அங்கே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். அந்தப் பெயர் என் அம்மாவுடையது என்று புதியவர்களிடம் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும்.

ஆகவே மாமா, உங்கள் வாக்கு. "பலகைல பேரு ஏறட்டும்" என்றீர்கள். ஏறியது. புதன் இரவு ஏழு மணி முதல் வியாழன் காலை ஒன்பது வரை, பதினான்கு மணி நேரம். எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. வாருங்கள். கழுவுங்கள்.

"திருத்தின எண்ணெல்லாம் கணக்காகாது, என் வண்டி அன்னிக்கு எடுத்த இருநூத்தி ஆறு திருத்தாதது" என்று சொல்வீர்கள், தெரியும். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் எண் ஜூலை மாதக் குளிர்காலக் காலையில், கடலோரத்தில், குளிர்ந்து கெட்டியான காற்றில் எடுத்தது. அப்படிப்பட்ட காற்று கிளாஸ் வழிந்து மேசையெல்லாம் ஓடுவது மாதிரி. அதைத் திருத்தினால் குறையும். நான் கணக்குப் போட்டுவிட்டேன். அம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டார். "அவன் இருநூத்தி ஆறு மேல கை வைக்காத. முப்பது வருஷமா அதுலதான் அவன் குடியிருக்கான்." அம்மாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, அது 192 என்பதை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.

ஜாய்ஸ் அத்தைக்கு என் அன்பு. உங்கள் தூண்டிலில் பெரிய மீன்களாக விழட்டும். அவற்றைத் திருத்தாமலே அளக்கும் நேர்மையும் கூடவே வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் மகள்,
பிரைடி

பின்குறிப்பு: அக்டோபர் 26.

மேலே எழுதியதை ஒரு வாரம் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இப்போது அதில் ஒன்றும் தேவைப்படாது. நுரையை மறந்துவிடுங்கள். பலகையை மறந்துவிடுங்கள். கழுவவும் வர வேண்டாம், மழை பெய்து சுத்தமாகிவிட்டது.

நேற்று விடிந்ததும் அம்மா, "வா, கீழ எறங்கிப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். நான்கு மணி நேரம் மலையிறங்கினோம். உங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில், கடலோரத்துப் பட்டறை ஒன்றில் டைனோ இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த இடமாகத்தான் இருக்கும். அங்கே யூட்டை ஏற்றினார். திருத்தாதது 202. திருத்தியது 201. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதாண்டி" என்றார். அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மாமா வீட்டுக்குப் போகலாமா?" என்றேன். "வேணாம். மூஞ்சியப் பாத்துச் சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும். போன்ல சொல்லிக்கறேன்."

அடுத்த ஞாயிறு உங்களை அழைக்கிறார். தானேதான் சொல்ல வேண்டுமாம். நான் வாயைத் திறக்கக் கூடாதாம். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதுகிறேன். பயத்தில்தான் எழுதுகிறேன், மாமா. நீங்கள் முதலில் சிரித்துவிடுவீர்கள். அவரும் கூடவே சிரித்துவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை. உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா எண்ணைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகு சரியாகக் காதில் விழாதவர் மாதிரி, "எத்தன?" என்று கேளுங்கள்.

இரண்டாவது தடவை சொல்ல அவருக்குப் பிடிக்கும்.