நின்ற இடத்தில் குறையும் சார்ஜ்

"ஏலே, வண்டி ஓடிச் சார்ஜ் குறைஞ்சா நான் ஏம்லே கத்துதேன்? நின்ன எடத்துல குறையுதுலே!"

ரிட்டயர்டு தாசில்தார் பரமேஸ்வரன் போனில் போட்ட சத்தத்தில், தெருவில் போன பால்காரர் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார். மறுமுனையில் கிருபா. திருநெல்வேலிப் பையன். புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து யூடியூபில் தரம் சொல்லுகிற நிபுணன்.

"சார், பிளக்-இன் ஹைப்ரிட் நிப்பாட்டி வச்சா ஒரு பர்சென்ட்கூட இறங்காது. நானே ஒரு வாரம் வச்சுப் பாத்தேன்."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? காலையில நூறு. மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுப் பாக்கேன், எண்பத்தெட்டு!"

ராத்திரி வீட்டுக் கரண்டைச் சொருகிவிட்டால் மறுநாள் முதலில் அந்தக் கரண்டில் ஓடும், அது தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறும் என்று கிருபா சொன்னதை நாலு தடவை பார்த்த பிறகுதான் அவர் அந்தக் காரை வாங்கினார். வாங்கியதோடு சும்மா இருந்தாரா? மளிகை மொத்த வியாபாரி ஹபீபுல்லாவிடம் அதன் பெருமையை அளந்துவிட்டார். ஹபீபுல்லா ஞாயிற்றுக்கிழமை அதே காருக்குப் பதிவு செய்யப் போகிறார். முப்பது வருஷச் சிநேகிதம். தன் வாயை நம்பி அவர் மோசம் போனால், தென்காசிக் கடைவீதியில் எந்த முகத்தோடு நடப்பது?

"வெயில்ல நிக்குதா சார்? சூடுதான் பேட்டரிக்கு எமன். நிழல்ல நிப்பாட்டுங்க."

பக்கத்தில் நின்ற முத்துலட்சுமி உடனே கணவருக்கு எடுத்துச் சொன்னாள். "அந்தத் தம்பி சொல்லுதது சரிதாங்க. பின்னால வேப்பமரத்தடிக்கு மாத்துங்க."

மாற்றினார். மறுநாள் எண்பது.

"நிழல்ல வச்சாக் கூடுதலா இறங்குதுலே! உனக்கு எவம்லே நிபுணன்னு பட்டம் குடுத்தான்?"

"கண்ணாடி வழியா வெக்கை போகுது சார். எல்லாக் கண்ணாடிக்கும் வெயில் மறைப்பு மாட்டிப் பாருங்க."

"கறுப்பா வாங்குங்க," என்றாள் முத்துலட்சுமி. "துளி வெளிச்சம் உள்ள போகப்படாது."

மாட்டினார். எழுபத்தொன்று.

பரமேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. நிபுணன் ஒவ்வொரு வைத்தியம் சொல்லச் சொல்ல நோய் முற்றுகிறதே!

"உண்மையச் சொல்லுலே, கம்பெனிக்காரன் உன் கையில எம்புட்டுத் திணிச்சான்?"

கிருபாவின் குரல் மாறிவிட்டது. "ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல சார். சனிக்கிழமை நானே வாரேன். என் கண்ணு முன்னால இறங்குச்சுன்னா, அந்த வீடியோவத் தூக்கிட்டு மன்னிப்புக் கேக்கேன். அதுக்கப்புறம் எந்த வண்டியப் பத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடி வந்தான். ஹபீபுல்லாவும் சாட்சிக்கு வந்தார். தாசில்தார் புத்தி விடுமா? வெள்ளைத்தாளில் 'காலை பதினொரு மணி, நூறு சதவீதம்' என்று எழுதி, மூன்று பேர் கையெழுத்தும் வாங்கினார். பிளக்கைப் பிடுங்கிக் காரைப் பூட்டினார்.

"இன்னொரு சாவி சார்?"

"அது வீட்டுக்காரிகிட்ட. அவளுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"இங்கன உக்காந்து ஏன் வேகணும்?" என்றாள் முத்துலட்சுமி, இலை போட்டுக்கொண்டே. "சாப்பிட்டுட்டு எல்லாரும் குற்றாலம் போயிட்டு வாங்க. நாலு மணிக்கு வந்தாப் போதும்."

ஹபீபுல்லாவின் வண்டியில் போனார்கள். மே மாதத்து மெயின் அருவியில் பாறை மட்டும் இருந்தது. குரங்குகள் இவர்களைப் பரிதாபமாகப் பார்த்தன.

"அண்ணாச்சி, இந்தப் பையன் மூஞ்சியப் பாத்தாப் பொய் சொல்லுதவன் மாதிரித் தெரியலையே," என்றார் ஹபீபுல்லா.

"மூஞ்சியப் பாத்துத்தான்வே நானும் ஏமாந்தேன்!"

நாலு மணிக்குத் திரும்பினார்கள். கிருபா காருக்குள் தலையை விட்டான். "என்ன சார், உள்ள வெக்கையே இல்ல..."

"பேச்சை மாத்தாதலே! நம்பரப் பாரு!"

அறுபத்தாறு.

"படிச்சவன் சொல்லுதான்னு நம்புனேன்லே! ரெண்டு லட்சம் பேரு பாக்கான்னு நம்புனேன்! எத்தனை குடும்பத்தை இப்படி ஏச்சிருக்க?"

கிருபா காரின் முன்பக்கம் ஓடினான். பானெட்டைத் திறந்தான், மூடினான். காரைச் சுற்றி வந்தான். கீழே படுத்துக்கூடப் பார்த்தான்.

"நமக்கு டீசலே போதும் அண்ணாச்சி," என்று ஹபீபுல்லா ஷோரூமுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

கிருபா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைத் தன் பக்கம் திருப்பினான். "வணக்கம் நண்பர்களே. இந்த வண்டியப் பத்தி நான் சொன்னது தப்பு. இனிமே என் ரிவியூவ நம்பாதீங்க..."

முத்துலட்சுமி காபி கொண்டுவந்தாள். அந்தப் புழுக்கத்தில் ஆண்கள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்து நிற்க, அவள் முகம் மட்டும் அப்போதுதான் பறித்த பூவாக இருந்தது.

"பாவம், விடுங்க. தம்பி நல்ல பையன். அது சொன்ன யோசனை ஒவ்வொண்ணும் தங்கம்."

"என்னட்டி தங்கம்?" என்று பரமேஸ்வரன் பாயும்போது, வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு கூடையோடு வந்தாள் பூக்காரி சங்கரம்மாள்.

"யம்மா, தெனமும் கார்க் கண்ணாடிய ஒரு தட்டுத் தட்டுனா எந்திரிச்சுப் பூ வாங்குவீக, இன்னைக்கு எம்புட்டுத் தட்டியும் அசையலையே, அந்த ஏ.சி.யில அப்படியா ஒரு தூக்கம்?"