படித்ததால் ஏற்பட்ட சேதம்

வாசிப்பைக் காப்பாற்றியே தீருவது என்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு புத்தக அலமாரியைப் பரிசோதித்து 'வாசிக்கும் குடும்பம்' சான்றிதழ் வழங்க ஆணை பிறந்தது. கொஞ்ச நாளில், சுவரில் அது தொங்காத வீட்டை மனிதர்கள் வசிக்கும் வீடாகவே யாரும் மதிக்கவில்லை. நான் மட்டும் சும்மா இருப்பேனா? விண்ணப்பித்தேன்.

பரிசோதகர் அளவுகோலும் படிவமுமாக வந்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: பெரியவர்களுக்குப் பிடித்தவை, சிறியவர்களுக்குப் பிடித்தவை. என் எட்டு வயது மகள் ஓடிப்போய்த் தன் கரடிக் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பாதிப் பக்கங்களில் ஜாம் கறை.

"என்னங்க இது, இந்தக் கோலத்துல இருக்கு?"

"படிச்சுப் படிச்சு அப்படி ஆயிடுச்சு சார்."

"அதாவது, படித்ததால் ஏற்பட்ட சேதம்" என்று எழுதிக்கொண்டார். "பிடிச்ச புத்தகம்னா பத்திரமா வெச்சிருக்க மாட்டாங்களா? பாப்பாவுக்கு இது பிடிக்கலைன்னு நல்லாவே தெரியுது. பறிமுதல்."

என் மனைவியின் துப்பறியும் நாவலும் அதே குற்றத்துக்காக மூட்டைக்குள் போனது. மிஞ்சியது, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பன்னிரண்டு தொகுதிக் கலைக்களஞ்சியம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பரிசோதகர் உருகிப்போனார்.

"அடடா, எவ்வளவு ஆசையா வெச்சிருக்கீங்க!"

முதல் தரச் சான்றிதழ் அங்கேயே கையோடு கிடைத்தது. மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மனசு கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு பரிசோதகரின் அலுவலகத்துக்குப் போனேன்.

எங்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. மொத்த அலுவலகமும் பறிமுதல் புத்தகங்களில் மூழ்கிக் கிடந்தது. கோப்பு நகர்ந்து ஒரு மாதமாம். ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பரிசோதகர் கையில் கரடிக் கதை.

"சார், பாப்பாவோட புத்தகம்..."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. நாலு தடவை படிச்சாச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இது வீட்டுல இருந்தா சான்றிதழ் ரத்து. விதி அப்படி."

மகள் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கயே இருக்கட்டும் சார்."

சொல்லும்போதே வெட்கமாகத்தான் இருந்தது. மகள் கையை உருவிக்கொண்டாள். பரிசோதகர் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

"வா பாப்பா, முதல்லேர்ந்து படிப்போம்."

"நீங்க போங்கப்பா" என்றாள் அவள், தலை நிமிராமல். "சான்றிதழ் வீட்டுல தனியா இருக்கும்."