மலையில் நீ எடுத்த படம்

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. நீ இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல்.

நிற்க. காட்டில் நீ மரத்தில் கட்டிவைத்த கேமராவில் இதுவரை யாரும் கண்டிராத மிருகம் விழுந்திருக்கிறது, பக்கத்துப் பாறையைப் போல இரண்டு மடங்கு உயரம், மாதக் கடைசியில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் சொல்லப்போகிறேன் என்று படத்தோடு எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து அம்மாவிடம் திட்டு வாங்கியாயிற்று. கண்ணே, ஆயுசு முழுக்க லாரி எடைமேடையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், பாரமான எதுவும் தடம் பதிக்காமல் போகாது. அவ்வளவு பெரிய உடம்புக்குத் தீனி வேண்டும், தின்றால் சாணி போடவேண்டும், ஜோடி வேண்டும், செத்தால் எலும்பாவது கிடைக்கவேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முடியாது என்பதற்கு நானே சாட்சி. சுற்றி வளைப்பானேன், அந்த மிருகம் நான்தான்.

கோபப்படாதே. போன மாதம் பல் வைத்தியம் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு நீ இருக்கும் மலையேறினேன். நீ சாப்பிடுகிறாயா என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பத்தான். எதிரே வந்து நின்றால், "நான் என்ன சின்னப் பிள்ளையாப்பா?"ன்னு கத்துவே. குளிருக்குப் பழுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தும்மலை அடக்கிக்கொண்டு புதரோரம் குந்தியிருந்தேன். அட்டை கடித்தது, மூக்குக்கண்ணாடி பள்ளத்தில் போனது, முழங்கால் பிசகி நாலு காலில்தான் இறங்கினேன். கண்ணாடி இல்லாமலே படத்தில் தெரிகிறது, பழுப்பு நிறம், தொப்பை, கூன், நானேதான். அரைநாள்கூட என்னால ஒளிஞ்சிருக்க முடியலை, பார்த்தியா? பெத்த அப்பனையே அடையாளம் தெரியாதவள் என்று ஊர் சிரித்தால் உன் வேலை என்ன ஆகும்? அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே.

ஸ்வெட்டரைக் கழற்றாதே. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு என்றும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா (மேற்படி மிருகம்)

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் அம்மா தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "அவ பாறைன்னு எழுதியிருக்கிறது உங்களை. கம்பளிக்குள்ளேருந்து உங்க குடைக் காம்பு நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அது சரி, உங்க முதுகுக்குப் பின்னால நிக்குதே, அது யாரு?" என்றாள். கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். மகளே, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. பத்திரிகைக்காரர்களுக்குத் தாராளமாகப் பேட்டி கொடு. கீழே இறங்கி வந்து கொடு.