சாக்பீஸ் கோடு

இன்ஜின் அறையிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியபோது, படகுக்காரர் இன்ஜினைப் பார்க்கவில்லை. கரையில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

பதினோரு மணிக்குத் துறைமுக அதிகாரி வருகிறார். படகை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் படகை விற்க வேண்டியதுதான். நாலு நாளாகச் சும்மா நின்ற படகாயிற்றே, கொஞ்சம் ஓட்டி வைப்போம் என்று ஸ்டார்ட் செய்தார். பத்தே நிமிடத்தில் இன்ஜின் கொதித்து, இருமி, நின்றுவிட்டது.

"உன் தம்பி வேலையைக் காட்டிட்டான்," என்றார் மனைவியிடம்.

அவள் கைப்பிடிக் கம்பிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். "அவன் வந்தே மூணு நாள்தான் ஆகுது. படகுப் பக்கமே நீங்க விடலையே!"

"அதான் சந்தேகம். படகு மெக்கானிக், மூணு நாளா படகையே எட்டிப் பார்க்கலைன்னா என்ன அர்த்தம்?"

சந்தேகம் அவர் கூடவே பிறந்தது. கேபின் கதவில் நூல் கட்டுவார். தரைப் பலகைகளின் இடுக்கில் சாக்பீஸ் கோடு போட்டு, கலைந்திருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்ப்பார். ஒருமுறை நூல் கட்டியதை மறந்து தானே கதவைத் திறந்துவிட்டு, நூல் அறுந்திருக்கிறதென்று போலீஸுக்குப் போனதும் உண்டு.

கரையில் நின்ற மச்சினன் குரல் கொடுத்தான். "அத்தான், வெளித் தண்ணி உள்ள வர்ற வால்வு திறந்திருக்கான்னு பாருங்க."

"வால்வுக்கு மேல இருக்கிற பலகையில கோடு கலையலை. அங்க எவனும் கை வெக்கலை. அது சரி, இவன் ஏன் என்னை அந்தப் பக்கமே அனுப்பப் பார்க்கிறான்?"

இன்ஜினின் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திருகினார்.

"சூட்டோட திறக்காதீங்க, அத்தான்!"

திறந்தார். வெந்நீர் பீய்ச்சி அடித்தது. துள்ளி விலகியவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். இரண்டு உள்ளங்கையும் வெள்ளை.

"டீசல்ல எதையோ கலந்திருக்கான்," என்று டீசல் குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"காத்து ஏறிடும். அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது!"

"ஆகாதுன்னு உனக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?"

ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். கிர்ர்ர், கிர்ர், கிர். பேட்டரியும் போயிற்று.

இதையெல்லாம் படகுத்துறைக் காவலாளி பார்த்துக்கொண்டே நின்றான். வாயைத் திறப்பான், மூடுவான், ஆகாயத்தைப் பார்ப்பான்.

"என்னய்யா, உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுண்ணே," என்றான், கேள்வி முடிவதற்குள்.

இவனும் உடந்தை! "முதல்ல நீ ஊருக்குக் கிளம்புடா!" என்று மச்சினனைப் பார்த்துக் கத்தினார். அவன் முகம் வாடிவிட்டது. மனைவி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து சேர்ந்தார். கொதித்து நின்ற இன்ஜினைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "வால்வுக்கு மேல இருக்கிற பலகையைத் தூக்குங்க."

தூக்கினார்கள். வால்வு இறுக மூடியிருந்தது. பிடியைச் சுற்றி மூன்று சுற்றுக் கம்பி வேறு.

"தண்ணியே வராம இன்ஜின் எப்படிங்க ஆறும்?" என்றார் அதிகாரி.

"சதி!" படகுக்காரருக்கு மகிழ்ச்சியே வந்துவிட்டது. "கோட்டைக் கலைக்காம உள்ள புகுந்திருக்கான், சார்! எழுதிக்குங்க!"

"பன்னண்டு மணி வரைக்கும் இருப்பேன். ஓட்டிக் காட்டினா அனுமதி."

"ஒரு மணி நேரத்துல நான் ஓட வெச்சிடுவேன். வண்டியில வேற பேட்டரி இருக்கு," என்றான் மச்சினன். "ஆனா மூடினது நானில்லைன்னு முதல்ல தெரியணும்."

"தெரியற வரைக்கும் நானும் வீட்டுக்கு வரமாட்டேன்," என்றாள் மனைவி.

எல்லோரும் காவலாளியைப் பார்த்தார்கள். ராத்திரி பகல் அங்கேயே கிடப்பவன் அவன்தானே.

"யாருய்யா மூடினது? சொல்லு!"

"சொல்லக்கூடாதுண்ணே."

"எவன் சொல்லக்கூடாதுன்னது? கேக்கிறது நான்! சொல்லுய்யா!"

காவலாளி கையெடுத்துக் கும்பிட்டான். "மச்சினன் படகைக் கிளப்பிக்கிட்டு ஓடினா பாதி வழியில சூடாகி நிக்கட்டும்னு, அவர் வர்றதுக்கு முந்தின நாளே வால்வை மூடி, பலகையைப் போட்டு, மேல கோடும் கிழிச்சுட்டு, 'நானே வந்து கேட்டாலும் சொல்லாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினது நீங்கதானேண்ணே!"