பம்பைக் கண்டு பயந்த ஊர்

எங்கள் ஊர் மாதா கோவில் முன்னால் இருக்கிற அடிபம்பை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்களா, மறுத்துவிட்டார்களா என்று ஆராய்ச்சி செய்ய, 1971-ஆம் வருஷம் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் நல்லம்பள்ளி வழியாக ஜீப்பில் வந்து இறங்கினார். டாக்டர் என்றதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லையாம். விஞ்ஞானத்துக்கும் ஜனங்களுக்கும் என்ன தகராறு என்று கண்டுபிடித்து ஆபீசுக்கு எழுதுகிற டாக்டராம்.

பம்பு நின்றுபோய் நாலு மாசம் ஆச்சு. உள்ளே தண்ணியை இழுத்துக் கொடுக்கிற தோல் வளையம், அந்த வாசர், தேய்ந்துவிட்டது. இடுப்பில் பிள்ளை, தலையில் குடம் என்று ஒரு மைல் தள்ளிக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தோம்.

"இந்த நவீன சாதனத்தை உபயோகிக்கிறீங்களா?" என்று டாக்டர், குடத்தோடு வந்த மிக்கேலம்மாளைக் கேட்டார்.

"இல்லீங்க. வாசர் போயிருச்சுங்க."

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசருக்குக் கட்டம் இல்லியேம்மா. பயம், மூடநம்பிக்கை, ரெண்டுதான் இருக்குது. எதுல போடட்டும்?"

மூடநம்பிக்கை என்றால் மாதா கோவில் சாமியார் கோவித்துக்கொள்வார். "பயத்துலயே போட்டுக்குங்க," என்றாள் மிக்கேலம்மாள்.

மேற்படி பயத்தைப் போக்கும்பொருட்டு அடுத்த மாசமே சினிமா வண்டி வந்தது, கூடவே டாக்டரும். கோவில் ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி, பட்டப்பகலில் ரெண்டு மணி நேரம் படம். அதில் ஒரு பொம்பளை பம்பை அடித்தாள். தண்ணி கொட்டோ கொட்டென்று கொட்டியது. குடத்தை வைத்துப் பிடிக்கத்தான் முடியவில்லை.

டாக்டர் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல கெட்டித் தோல். ராஜமேரி அதை ஒரு பார்வை பார்த்தாள்; சைக்கிள் கடை வைத்திருக்கிற தன் புருஷன் சவுரியப்பனை ஒரு பார்வை பார்த்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தால், ஒரு ஷூவைக் காணோம். சவுரியப்பன் பம்பை அடித்துத் தண்ணியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! பயம் போச்சு!"

"போச்சுங்க," என்றோம் அத்தனை பேரும்.

"என் ஷூ எங்கே?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்குமுங்க."

ரிப்போர்ட் போனது. எங்கள் ஊர் முன்மாதிரிக் கிராமம் ஆனது. இனி எந்தப் பம்புக்கும் வாசர் தேவையில்லை, படம் போதும் என்று உத்தரவு வந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பொம்பளைகள் எங்களைத் தேடி வந்து, எந்தப் படம் என்று கேட்டார்கள்.

"படம் கெடக்குதுடி. நீங்க வாசல்ல நில்லுங்க!"

தவக்காலம் வருவதற்குள் எங்கள் வாசரும் தேய்ந்தது. மறுபடியும் பயமாக இருக்கிறது என்று எல்லாரும் கைநாட்டு வைத்து அனுப்பினோம். ஜீப் வந்து நின்றது. டாக்டர் பம்பைப் பார்த்தார். நாங்கள் அவர் காலைப் பார்த்தோம்.

பட்டணத்தில் இப்போது இதுதான் நாகரிகமாம். ரப்பர் செருப்பு.

மிக்கேலம்மாளுக்கு அன்றைக்குத்தான் நிஜமாகவே பயம் வந்தது.